ஈரம் போன பிறகுதான் பட்டி: நீரும் நெருப்பும் பட்ட வீட்டை மீட்கும் முறை

தண்ணீர் புகுந்த வீட்டில் வேலை இரண்டு வேகத்தில் நடக்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஓட்டம். அதன்பிறகு வாரக்கணக்கில் பொறுமை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் மலைத்துப்போய் வீட்டைப் பூட்டிவைக்கிறார்கள். பிறகு ஆளைக் கூப்பிட்டு ஒரே வாரத்தில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். முதலாவதால் பூஞ்சை பிடிக்கிறது. இரண்டாவதால் சில மாதங்களில் பெயின்ட் கொப்புளித்து, காரையோடு பெயர்ந்து விழுகிறது. நனைந்த காகிதம், துணி, மரம் ஆகியவற்றில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். ஊறிய செங்கல் சுவர் காய மாதங்கள்கூட ஆகும்.

தீப்பிடித்த வீட்டுக்கும் இதே கணக்குதான். தீயை அணைக்க அடித்த தண்ணீர் தரையிலும் சுவரிலும் நிற்கும். கரியைத் துடைப்பதிலேயே கவனம் போய், அந்த ஈரத்தை மறந்துவிடுவது வழக்கம்.

உள்ளே காலை வைக்கும் முன்

மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஆனால் அதற்காகத் தண்ணீரில் நின்றுகொண்டோ, ஈரக் கையாலோ மின் பலகையைத் தொடக் கூடாது. பலகைக்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றால், மின்வாரிய ஆளை வரவழைத்து வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். காஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

கூரையை அண்ணாந்து பாருங்கள். பொய்க்கூரை வயிறு தள்ளித் தொங்கினால் அதன் மேல் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, நீண்ட கம்பில் கட்டிய ஸ்க்ரூடிரைவரால் தொங்கலின் ஓரத்தில் சின்னத் துளை போட்டு, வாளியில் வடியவிடுங்கள். சுவரில் புதிதாகப் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடியிருந்தாலோ, கதவு நிலை கோணியிருந்தாலோ, கட்டுமானப் பொறியாளர் பார்க்கும்வரை உள்ளே வேலை வேண்டாம்.

ஜெனரேட்டரை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள்ளோ, தாழ்வாரத்திலோ, ஜன்னலுக்கு அருகிலோ வைக்காதீர்கள். குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுப் பக்கம் வராதபடி வையுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை. தலை சுற்றுவதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார்.

ஒன்றையும் நகர்த்தும் முன் படம் எடுத்துவிடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, ஒவ்வொரு அறையின் நான்கு மூலைகள், பொருட்களின் மாடல் எண் ஒட்டிய பகுதி எல்லாம் தெரிய வேண்டும். காப்பீடு இருந்தால், தூக்கி எறியும் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை (கம்பளத்திலிருந்து ஒரு சாண், மெத்தையின் உறையிலிருந்து ஒரு துண்டு) பையில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வந்தது எந்தத் தண்ணீர்?

எதை வைத்துக்கொள்ளலாம், எதை எறிய வேண்டும் என்பது இந்தக் கேள்வியின் பதிலைப் பொறுத்தது. குடிநீர்க் குழாய் உடைந்து வந்தது சுத்தமான தண்ணீர். துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து வழிந்தது அழுக்குத் தண்ணீர். சாக்கடை, கழிவறை, ஆறு, தெரு வெள்ளம் எல்லாம் மாசுபட்ட தண்ணீர். அதில் மலக்கிருமியும் எண்ணெயும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். சுத்தமான தண்ணீரும் இரண்டு நாள் தேங்கினால் அடுத்த வகைக்கு இறங்கிவிடும்.

மாசுபட்ட தண்ணீர் என்றால் மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த சோபா, தரைவிரிப்பின் அடியில் இருக்கும் ஃபோம், நார்ப் பலகை எதையும் காப்பாற்ற முயல வேண்டாம். வெயிலில் போட்டுக் காயவைத்தால் வெளியே காய்ந்தது போலத் தெரியும். உள்ளே இருப்பது உள்ளேயேதான் இருக்கும். ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

தண்ணீரும் சேறும்

சேற்றை ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிடுங்கள். காய்ந்தால் கல்லாகிவிடும், சுரண்டும்போது தூசியாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும். அகலமான மண்வாரியால் அள்ளிவிட்டு, மெல்லிய அழுத்தத்தில் குழாய்த் தண்ணீரை மேலிருந்து கீழாக விட்டுக் கழுவி, ரப்பர் வைப்பரால் தள்ளுங்கள். உயர் அழுத்தக் கருவியை உள்சுவரில் பயன்படுத்தினால் அழுக்கையும் தண்ணீரையும் காரைக்குள் இன்னும் ஆழமாக ஏற்றிவிடும்.

தரைக்குக் கீழே அறை இருந்து அது நிரம்பியிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். வெளியே மண் நீரில் ஊறிச் சுவரை உள்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அதற்கு எதிராகத் தாங்குகிறது. மொத்தத்தையும் ஒரே நாளில் இறைத்தால் சுவர் உள்ளே சரியலாம், தரை மேலே எழும்பலாம். தெரு வெள்ளம் வடிந்த பிறகு, ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சுவரில் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலையில் மட்டம் ஏறியிருந்தால் வெளியே இன்னும் நீர் நிற்கிறது. இன்னொரு நாள் பொறுங்கள்.

கழுவி முடித்ததும் சோப்புத் தண்ணீர், அதன்பிறகே கிருமிநாசினி. அழுக்கு இருக்கும் இடத்தில் ப்ளீச் ஊற்றினால் அதன் வீரியத்தை அழுக்கே தின்றுவிடும். 4 லிட்டர் தண்ணீருக்கு 240 மில்லி வீட்டு உபயோக ப்ளீச் போதும். தரையிலும் டைல்ஸிலும் தடவி 10 நிமிடம் ஈரமாகவே இருக்கவிட்டு, பிறகு கழுவுங்கள். கழிவறை கழுவும் ஆசிடோடும், அம்மோனியா உள்ள எதனோடும் ப்ளீச்சைக் கலக்கவே கூடாது. கலந்தால் மூச்சைத் திணறடிக்கும் நச்சு வாயு கிளம்பும்.

எதைப் பிரிக்க வேண்டும்

ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால், தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் குறைந்தது 30 செ.மீ. வரை அறுத்து எடுங்கள். பலகை தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சும், அதன் மேலுள்ள காகிதமோ பூஞ்சைக்கு நல்ல தீனி. பின்னால் கண்ணாடி இழைப் பஞ்சு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்; அது கீழே தொய்ந்து, பல மாதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

செங்கல், சிமென்ட் பூச்சு என்றால் எல்லாவற்றையும் கொத்தி எடுக்கத் தேவையில்லை. சுத்தியலின் பிடியால் சுவர் முழுக்க மெல்லத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று கெட்டியாகக் கேட்டால் விட்டுவிடலாம். பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பூச்சு சுவரைவிட்டுக் கழன்றுவிட்டது, அதை மட்டும் கொத்துங்கள். ஜிப்சம் பூச்சு ஊறினால் நகத்தால் கீறினாலே மாவாக வரும், அது போக வேண்டியதுதான்.

சுவர் எதுவானாலும் அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் வால்பேப்பர், எண்ணெய் பெயின்ட், எனாமல், தடித்த பட்டி ஆகியவற்றைச் சுரண்டி எடுங்கள். இவை இருக்கும்வரை சுவர் மூச்சுவிடாது. ஸ்கர்ட்டிங் பலகையை (சுவரின் அடியில் ஓடும் பட்டைப் பலகை) கழற்றினால், தரையும் சுவரும் சேரும் இடம் திறந்துவிடும். அங்கேதான் ஈரம் கடைசிவரை நிற்கும். உள்ளீடற்ற சிமென்ட் பிளாக் சுவரானால் அடிவரிசை இணைப்பில் 10 முதல் 12 மி.மீ. துளைகளைப் போடுங்கள். பல சமயம் குடம் குடமாக வெளியே வரும்.

சமையலறை அடி அலமாரிகளை மறக்காதீர்கள். முன்பக்கம் பளபளவென்று இருக்கும். பின்பலகையும் கால்களுக்கு நடுவில் உள்ள இருட்டும்தான் பூஞ்சைக்குப் பிறப்பிடம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), துகள் பலகை ஒருமுறை உப்பிவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பாது. நல்ல ப்ளைவுட் சில சமயம் தாங்கும், ஓரத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று கத்தி முனையால் பாருங்கள். கெட்டி மரச் சாமான் பெரும்பாலும் பிழைக்கும், நிழலில் மெதுவாகக் காயவிட்டால். நேர் வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி வளையும், வெடிக்கும். உப்பிய மேசை இழுப்பறையைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்பலகையைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ளுங்கள். மூடாத கதவை உடனே இழைக்காதீர்கள். காய்ந்ததும் சுருங்கும், பிறகு இடைவெளி விழும்.

மரத் தரையும் அப்படித்தான். பலகைகளின் ஓரம் எழும்பிக் குழியாகத் தெரிந்தாலும் இப்போதே இழைத்துச் சமமாக்கினால், உள்ளீரம் போன பிறகு நடுப்பகுதி மேடாகிவிடும்.

உலர்த்துவது

இதுதான் முழு வேலையின் மையம். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏன் பொறுக்க வேண்டும் என்பது தானே விளங்கும். 23 செ.மீ. கனமுள்ள செங்கல் சுவரில் ஒரு சதுர மீட்டர் சுமார் 400 கிலோ எடை. செங்கல் தன் எடையில் 15 சதவீதம்வரை தண்ணீர் இழுக்கும். அதாவது நன்றாக ஊறிய ஒரு சதுர மீட்டர் சுவர், 60 லிட்டர் பிடிக்கும் தொட்டி. 4 மீட்டர் நீளச் சுவரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு வெள்ளம் நின்றிருந்தால் 240 லிட்டர். தினமும் 10 லிட்டர் இறக்கும் டீஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம்) ஒன்று ஓயாமல் ஓடினாலும் அந்த ஒரு சுவருக்கே 24 நாள். கான்கிரீட் தரைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம்.

காய்வது இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் மேற்பரப்பு ஈரமாகப் பளபளக்கும். அப்போது காற்றோட்டம்தான் வேலை செய்யும். மின்விசிறியைச் சுவருக்கு நேராக வைக்காமல், சுவரை ஒட்டிக் காற்று வழுக்கிப் போகும்படி சாய்வாக வையுங்கள். 3, 4 மீட்டருக்கு ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரே விசிறியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நகர்த்துங்கள். அலமாரிக் கதவு, இழுப்பறை, கட்டிலின் அடிப்பலகை எல்லாம் திறந்து கிடக்கட்டும். (பூஞ்சை ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிந்தால் விசிறி வேண்டாம், விதைத்துகளை வீடு முழுக்கத் தூவிவிடும். முதலில் அதை அகற்றுங்கள்.)

சில நாளில் சுவர் வெளுக்கும், தொட்டால் காய்ந்தது போல இருக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டாவது கட்டம் இப்போதுதான் தொடங்குகிறது: உள்ளே இருக்கும் தண்ணீர் நுண்துளைகள் வழியாக மெல்ல ஊர்ந்து வெளியே வர வேண்டும். இதற்கு மேல் எத்தனை விசிறி வைத்தாலும் வேகம் கூடாது. அறைக் காற்று வறண்டிருக்க வேண்டும், கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும், நாள் வேண்டும்.

ஜன்னலைத் திறப்பதா மூடுவதா? ஒப்பு ஈரப்பத அளவை (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை) மட்டும் பார்த்தால் தவறாக முடிவெடுப்பீர்கள். உள்ளே 26 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதம். வெளியே 30 டிகிரி, 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வெளியேதான் வறட்சி என்று தோன்றும். உண்மையில் உள்ளே ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் நீராவி, வெளியே 24 கிராமுக்கு மேல். ஜன்னலைத் திறந்தால் தண்ணீரை உள்ளே அழைக்கிறீர்கள். அதோடு அந்த வெளிக்காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள நீராவி நீராகத் துளிர்க்கத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 26 டிகிரி. ஆவியாவதால் குளிர்ந்து 25 டிகிரியில் இருக்கும் சுவரில் அது பட்டால் வியர்த்துவிடும். பனிநிலையைக் காட்டும் ஈரப்பதமானி இரண்டு வாங்கி, ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியே நிழலிலும் வையுங்கள். வெளிப் பனிநிலை உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால் எல்லாவற்றையும் மூடி டீஹியூமிடிஃபையரை ஓட்டுங்கள். அது இல்லையென்றால் ஏசியின் டிரை நிலை ஓரளவுக்குக் கைகொடுக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வது, அதாவது ஜன்னலையும் திறந்து இயந்திரத்தையும் ஓட்டுவது, வெளி உலகத்தையே காயவைக்க முயல்வதாகும்.

இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் 'நாளைக்கு 20 லிட்டர்' போன்ற அளவு, சூடும் ஈரமும் மிகுந்த சோதனை அறையில் எடுத்தது. அறை குளிர்ந்தாலோ வறண்டாலோ அதில் பாதிகூட வராது. தொட்டியை நம்பாமல் குழாயைச் சாக்கடைத் துளைக்கு இட்டுவிடுங்கள். தொட்டி நள்ளிரவில் நிரம்பி இயந்திரம் நின்றுவிடும், காலைவரை ஒன்றும் நடக்காது. ஆனால் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வாளியில் பிடித்து அளந்து எழுதிவையுங்கள். அறையின் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தப் பாருங்கள். 60க்கு மேல் போனால் பூஞ்சைக்கு வழிவிட்டதாகும். அவசரப்பட்டு 30க்குக் கீழே இறக்கினால் மரம் பிளக்கும்.

சூடேற்றுகிறேன் என்று காஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ உள்ளே மூட்டாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது முதல் காரணம். இரண்டாவது, ஒரு கிலோ காஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி அறைக்குள்ளேயே சேரும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்

மரத்துக்கு ஊசி வைத்த ஈரமானி நன்றாக வேலை செய்யும்: 16 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மூடலாம். 20ஐத் தாண்டி நிற்கும் மரம் உளுத்துப்போகும் வாய்ப்பு உண்டு. அதே கருவியைச் செங்கல்லில் குத்தினால் வரும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. வெள்ளம் தொடாத மேல்சுவரில் ஒருமுறை, நனைந்த இடத்தில் ஒருமுறை குத்தி, இரண்டும் நெருங்கி வருகிறதா என்று பாருங்கள். சுவரில் உப்பு ஏறியிருந்தால் காய்ந்த பிறகும் கருவி ஈரம் என்றே காட்டும்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. 45 செ.மீ. சதுரத்தில் தடித்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வெட்டி, தரையிலோ சுவரிலோ வைத்து நான்கு ஓரத்தையும் காற்றுப் போகாமல் டேப்பால் ஒட்டுங்கள். 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அடியில் இருந்த இடம் சுற்றியுள்ளதைவிடக் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. தாழ்வான மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு மூன்று இடத்தில் ஒட்டுங்கள்.

காயும்போது சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பலர் இதைப் பூஞ்சை என்று பயந்து ப்ளீச் அடிக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைவது உப்பு. தண்ணீரால் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த தூரிகையால் உதிர்த்து, கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். மீண்டும் பூத்தால் மீண்டும் உதிர்த்தால் போதும். பூப்பது நிற்கும் முன் பட்டி வைத்தால் உப்புப் படிகம் பட்டிக்கு அடியில் வளர்ந்து அதைத் தள்ளிவிடும். 'வாட்டர்ப்ரூஃப்' பூச்சை உட்புறத்தில் அடித்தால் ஓதம் நிற்கும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து, அது இன்னும் மேலே ஏறி அடுத்த இடத்தில் வெளிப்படும்.

மின்சாரம்

தண்ணீரில் மூழ்கிய சுவிட்ச், பிளக் பாயின்ட், எம்.சி.பி. (மின்சுமை கூடினால் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகியவற்றைக் காயவைத்துத் திரும்பப் போடக் கூடாது. உள்ளே படிந்த மண்ணும் துருவும் அவற்றை நம்பத்தகாதவையாக்கிவிடும். ட்ரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாது. சுவருக்குள் ஓடும் குழாயின் கீழ்வளைவுகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். எலெக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெகரால் (ஒயரின் மின்காப்பை அளக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டையும் அளக்க வேண்டும்; ஒரு மெகா ஓமுக்குக் குறைவாக இருந்தால் இணைப்புக் கொடுக்கக் கூடாது. இணைப்பு கொடுத்த பிறகும் சில வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சுவர் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேராக இணைப்பது, ஷாக் அடிக்கட்டும் என்று விட்டுவிடுவதற்குச் சமம்.

பூஞ்சை

பூஞ்சையைக் கொல்வது நோக்கமல்ல, அகற்றுவதே நோக்கம். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும், இளைப்பைக் கிளப்பும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சரிசெய்யாமல் துடைத்தால் மறுபடி வரும். மேலே பெயின்ட் அடித்தால் பெயின்டையே கிழித்துக்கொண்டு வரும்.

கறுப்புத் திட்டு பூஞ்சையா, கரியா என்று சந்தேகமா? நீர்த்த ப்ளீச் ஒரு சொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சையாக இருக்கலாம்; நிறம் மாறாவிட்டால் கரி அல்லது அழுக்கு. எந்த இனம் என்று கண்டுபிடிக்கச் சோதனைப் பெட்டி வாங்குவது வீண் செலவு. எந்த நிறமானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

மொத்தப் பரப்பு சுமார் ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அதற்கு மேல் என்றாலோ, சாக்கடை நீரால் வந்தது என்றாலோ, ஏசி குழாய்களுக்குள் பரவியிருந்தாலோ, தொழில் தெரிந்தவர்களை அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

என்95 முகக்கவசம், காற்றுத்துளை இல்லாத பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாசலை 0.15 மி.மீ. பிளாஸ்டிக் தாளால் மூடி, ஜன்னலில் ஒரு விசிறியை வெளிப்பக்கம் காற்றுத் தள்ளும்படி வையுங்கள். அறைக்குள் காற்று வருமே தவிர அங்கிருந்து மற்ற அறைகளுக்குப் போகாது. பிளாஸ்டிக் தாள் உள்பக்கமாக உப்பி நின்றால் சரியாக வைத்திருக்கிறீர்கள். திட்டின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்த பிறகே தொடுங்கள், காய்ந்தபடி சுரண்டினால் லட்சக்கணக்கில் விதைத்துகள் பறக்கும். டைல்ஸ், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றைச் சோப்பால் தேய்த்துக் கழுவித் துடைத்தாலே போதும். மரத்தில் தேய்த்த பிறகு காயவைத்து, உப்புத்தாளால் லேசாக இழைத்து, ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய தூசியையும் பிடிப்பது) வைத்த வேக்கம் கிளீனரால் உறிஞ்சுங்கள். காகிதம் பூசிய பலகை, பஞ்சு, கூரை அட்டை ஆகியவற்றில் பூஞ்சை உள்ளே வேரோடியிருக்கும், அவற்றை அங்கேயே பையில் கட்டி எடுத்துப் போங்கள். நுண்துளை உள்ள பொருளில் ப்ளீச் வேலைக்காகாது. குளோரின் மேலேயே நின்றுவிடும், அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கி வேருக்குப் போகும்.

தீயும் கரியும்

தீயணைப்புத் துறை அனுமதித்த பிறகே உள்ளே போக வேண்டும். கான்கிரீட் தூணோ உத்தரமோ இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அந்த இடம் 300 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கலாம். சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கம்பி தெரிந்தால் பொறியாளர் பார்த்துத்தான் மேற்கொண்டு எதுவும். எஃகு 600 டிகிரியை நெருங்கும்போது தன் பலத்தில் பாதியை இழந்துவிடும். பழைய வீடானால் கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு; உடைந்த துண்டுகளை நனைக்காமல் தொடாதீர்கள், பெருக்காதீர்கள்.

கரிக்கு முதல் விதி: தண்ணீர் தொடக் கூடாது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், உதிரக் காத்திருந்த கரி எண்ணெய்க் கறையாகி நுண்துளைக்குள் ஏறிவிடும். விரலாலும் தேய்க்காதீர்கள். முதலில் வேக்கம் கிளீனரின் குழலைச் சுவரில் படாமல் ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து உறிஞ்சுங்கள். அடுத்து, கரி எடுப்பதற்கென்றே விற்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்சு. மேலிருந்து கீழாக, ஒரே திசையில், ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி இழுங்கள். முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். ஒரு பக்கம் கறுத்ததும் திருப்புங்கள், எல்லாப் பக்கமும் கறுத்தால் மேலடுக்கைக் கத்தியால் சீவி எடுங்கள். கழுவினால் அந்த ஸ்பாஞ்சு அதோடு போயிற்று. கூரையை முடித்துவிட்டுச் சுவருக்கு வாருங்கள்.

இதற்குப் பிறகும் நிற்கும் பிசுபிசுப்புக்குத்தான் கழுவல். கரி பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது, அதனால் காரத்தன்மையுள்ள சோப்புக் கரைசல் அதை எளிதாக எடுக்கும். கழுவுவது மட்டும் கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் காய்ந்த சுவரில் வழியும் அழுக்குநீர் கோடு போட்டுவிடும், அந்தக் கோடு பிறகு போகாது. இரண்டு வாளி வையுங்கள், ஒன்று சோப்பு, ஒன்று அலசல். அலசல் தண்ணீர் மை போல ஆனதும் மாற்றுங்கள்.

பி.வி.சி. ஒயர்களும் பிளாஸ்டிக்கும் எரிந்திருந்தால் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்திருக்கும். குழாய், கீல், பாத்திரம் எல்லாம் சில நாளிலேயே பொரிந்து துருவேறத் தொடங்கும். உலோகங்களை முதல் நாளே துடைத்து மெல்ல எண்ணெய் தடவிவையுங்கள். தொலைக்காட்சி, கணினி எதையும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே படிந்த கரி மின்சாரம் கடத்தும், திறந்து சுத்தம் செய்த பிறகே சோதிக்க வேண்டும். ஏசியையும் போடாதீர்கள், கரியை எரியாத அறைகளுக்கும் கொண்டுபோகும். தீயணைப்புக் கருவியின் மஞ்சள் தூள் கொட்டியிருந்தால் அதையும் உலர்வாகவே உறிஞ்சுங்கள், ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும்.

வாடை போகவில்லை என்றால் எங்கோ கரி இருக்கிறது என்று பொருள்: சுவிட்ச் தட்டுக்குப் பின்னால், இழுப்பறையின் அடிப்புறத்தில், பொய்க்கூரையின் மேல், ஏசி காயிலில். ஊதுபத்தியும் நறுமணத் தெளிப்பும் வாடையோடு வாடையைச் சேர்க்கும். ஓசோன் இயந்திரம் நுரையீரலைப் புண்ணாக்கும், ரப்பரை வெடிக்க வைக்கும். ஆள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். துணிகளை வெளியே உதறிவிட்டுத் துவையுங்கள், வாடை முழுக்கப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் வாடை நூலிலேயே தங்கிவிடும். சுவரைக் கழுவிக் காய்ந்ததும் ஷெல்லாக் (அரக்கு) வகை பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகே பெயின்ட். நேராக எமல்ஷன் அடித்தால் சில நாளில் மஞ்சளாகக் கசிந்து வரும்.

தாள்களும் படங்களும்

பத்திரம், சான்றிதழ், குடும்பப் படங்கள் நனைந்து, பிரிக்க நேரமில்லை என்றால் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சேறு இருந்தால் சுத்தத் தண்ணீரில் மெல்ல அலசி, சிறு சிறு கட்டாக மெழுகுத் தாள் இடைவைத்து, பையில் போட்டு உறையவையுங்கள். பூஞ்சை அப்படியே நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைக் காய்ந்த நிலையில் பிரித்தால் படம் உரிந்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டுவைத்தால் தானே விலகும். படம் உள்ள பக்கத்தைத் துடைக்காமல் மேல்நோக்கி வைத்துக் காயவிடுங்கள்.

மறுபடி பூசும்போது

பிளாஸ்டிக் தாள் சோதனையில் இரண்டு முறை தொடர்ந்து நீர் கோக்காமல் வந்து, உப்புப் பூப்பதும் நின்ற பிறகு பூச்சைத் தொடங்குங்கள். கொத்திய இடத்தில் பழைய சுவருக்கு ஒத்த கலவையையே பூசுங்கள். சுண்ணாம்புச் சுவரில் வலுவான சிமென்ட் பூச்சு ஒட்டாது, அடியில் ஈரத்தையும் அடைத்துவிடும். புதுப் பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகே பட்டி. முதல் ஒரு வருடத்துக்கு மூச்சுவிடும் பெயின்ட், அதாவது சுண்ணாம்பு, சிலிக்கேட் வகை அல்லது மேட் எமல்ஷன், போதும். பளபளப்பான எனாமலும் வால்பேப்பரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அலமாரிகளையும் கட்டிலையும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் 5 செ.மீ. தள்ளி வையுங்கள். ஈரப்பதமானியை எடுத்து வைத்துவிடாமல், வெள்ளம் அதிகம் நின்ற அறையில், பெரிய அலமாரிக்குப் பின்னாலேயே தொங்கவிடுங்கள். அங்கே தொடர்ந்து 70ஐத் தாண்டிக் காட்டினால் அலமாரியை நகர்த்தி, சுவரில் மறுபடி ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்கள்.